பொறி தட்ட வேண்டிய நேரம்!

'மச்சான், வண்டியோட மூளையையே மாத்திட்டேன்டா... இனிமே இழுவை சும்மா பிச்சிக்கும்!'

ஹாஸ்டல் பார்க்கிங்கில் இப்படி ஒரு குரல் கேட்காத காலேஜ் உண்டா? லேப்டாப்பை ஒயரில் மாட்டி, நாலு நம்பரைத் தட்டி, 'ரீமேப் பண்ணியாச்சு' என்று கெத்தாகக் கிளம்புவார் நம்மாளு. அந்த நாலு நம்பர் என்னன்னு கேட்டுப் பாருங்க... 'அதெல்லாம் டெக்னிக்கல் மச்சி' என்று எஸ்கேப்!

டெக்னிக்கல்தான். ஆனால், புரியாத விஷயம் இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, நம்ம ஊரில் வந்த புது பைக்குகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய், எலெக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும், எப்போ பொறி வைக்கணும் என்று முடிவு பண்றது இ.சி.யு. என்கிற குட்டி கம்ப்யூட்டர். பொறிக்காக அது பார்த்துக்கொள்ளும் வாய்ப்பாடுதான் 'இக்னிஷன் டைமிங் டேபிள்'.

பஸ் ஸ்டாப் கணக்கு

பிஸ்டன் மேலே வந்து உச்சியைத் தொட்டதும் பொறி வைத்தால் போதாதா? போதாது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை ஒரே அடியாக 'டமார்' என்று வெடிப்பதில்லை. பொறியில் ஆரம்பித்து தீ பரவ சில மில்லி செகண்ட் ஆகும். இன்ஜினுக்கு அது பெரிய டைம்!

ஹாஸ்டலில் இருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்க 5 நிமிஷம்னு வெச்சுக்குங்க. பஸ் உருட்டிக்கிட்டு வந்தா, கிட்ட வந்தப்புறம் கிளம்பினாலும் பிடிச்சிடலாம். பறந்து வந்தா? அது ரொம்ப தூரத்துல இருக்கும்போதே கிளம்பணும். உங்க நடை மாறல, பஸ் வேகம்தான் மாறுச்சு.

இன்ஜினிலும் இதே கதைதான். 1,000 ஆர்.பி.எம்.மில் ஒரு மில்லி செகண்டில் கிராங்க் 6 டிகிரி சுற்றும். 6,000-ல் அதே நேரத்தில் 36 டிகிரி! அதனால், பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் பல டிகிரி பாக்கி இருக்கும்போதே பொறி வைக்கணும். இதுக்குப் பேர்தான் 'அட்வான்ஸ்'. (வேகம் கூடும்போது உள்ளே சுழலும் கூடி, தீயும் வேகமெடுக்கும். அதனால் ஆறு மடங்கு அட்வான்ஸ் தேவையில்லை.)

கட்டத்துக்குள்ள என்ன?

டேபிளில் ஒரு பக்கம் ஆர்.பி.எம்., இன்னொரு பக்கம் லோடு, அதாவது இன்ஜின் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது என்ற கணக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு டிகிரி. உதாரணமாக, 3,000-க்கு 24, 4,000-க்கு 28 என்றிருந்தால், 3,500-ல் ஓடும்போது இ.சி.யு. நடுவில் கணக்குப் போட்டு 26 என்று எடுத்துக்கொள்ளும்.

இங்கேதான் ட்விஸ்ட். ஒரே ஆர்.பி.எம்.மில், லேசாக முறுக்கும்போது நம்பர் பெரிசா இருக்கும். ஃபுல் த்ராட்டிலில் சின்னதாகிவிடும்! ஏன்? காலியான கேன்டீனில் கிசுகிசு மெதுவாத்தான் பரவும், கூட்டமா இருந்தா பத்திக்கும். ஃபுல் த்ராட்டிலில் சிலிண்டருக்குள் கலவை நெருக்கமாக இருப்பதால் தீ சட்டென்று பரவும். சீக்கிரமே பொறி வைக்கத் தேவையில்லை.

இது கம்ப்யூட்டரின் கண்டுபிடிப்பும் இல்லை. தாத்தா காலத்து அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டரில், வேகத்தைப் பார்க்க சுழலும் எடைகள், லோடைப் பார்க்க ஒரு வேக்குவம் டயாஃப்ரம். இரண்டும் சேர்ந்து இதே வேலையைத்தான் செய்தன.

ரெண்டு டிகிரி விபரீதம்

'ரெண்டு டிகிரி முன்னாடி தள்ளினா பவர் ஏறும்' என்பது பாதி உண்மை. ஓர் அளவு வரைக்கும் ஏறும். அதைத் தாண்டினால், மேலே ஏறிக்கொண்டிருக்கிற பிஸ்டனை அழுத்தம் எதிர்த்துத் தள்ளும், பவர் குறையும்.

அதைவிட ஆபத்து 'நாக்கிங்'. அழுத்தமும் சூடும் எகிறி, தீ வந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். தகர டப்பாவில் கோலிகுண்டைக் குலுக்கின மாதிரி சத்தம் வரும். ஹெல்மெட்டும் மாற்று சைலன்சரும் இருந்தால் அதுவும் கேட்காது. இது தொடர்ந்தால் ரிங் உடையலாம், பிஸ்டன் தலையில் ஓட்டையே விழலாம். நாக் சென்சார் இருக்கிற வண்டியில் இ.சி.யு. பொறியைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கும். சென்சார் இல்லாவிட்டால், அந்த டேபிள் மட்டும்தான் காவல்.

கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் மார்ஜின் விட்டுவைப்பது பவரை ஒளித்துவைக்க அல்ல. சித்திரை வெயிலில், பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு, சுமாரான பெட்ரோலில் நீங்க ஏற்காடு மலை ஏறும்போதும் இன்ஜின் பிழைக்கணுமே என்பதற்காக!

அடுத்த தடவை யாராவது 'ரீமேப்' என்றால் மூணே கேள்வி கேளுங்க. டைனோவில் ஏத்திப் பார்த்தியா? பழைய மேப்பை சேவ் பண்ணினியா? எந்தக் கட்டத்தை, ஏன் மாத்தின?

மூணாவது கேள்விக்குப் பதில் தெரிஞ்சா, அவர் ஒருநாள் கேலிப்ரேஷன் இன்ஜினீயர் ஆகலாம். இதே டேபிளை நிரப்புவதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை அது! பதில் தெரியலையா? வண்டிச் சாவியைக் கொடுக்காதீங்க பாஸ்!