கூறைப்புடவை: சொல்லும் தேர்வும்

மாணவர் கட்டுரைகளிலும் சில வேளைகளில் மண அழைப்பிதழ்களிலும் ‘கூரைப்புடவை’ என்று எழுதப்பட்டிருப்பதைத் தமிழாசிரியர்கள் கண்டிருப்பர். பிழை ஓரெழுத்தில்தான், ஆயினும் வல்லின றகரத்தை இழந்ததும் மணப்பெண்ணின் ஆடை வீட்டின் மேற்கூரையாகிவிடுகின்றது. மலேசிய, சிங்கைத் தமிழரிடையே இப்புடவை இன்று எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றது என்பதைச் சொல்லிலிருந்து தொடங்கி விளக்க முற்படுகின்றோம்.

துணித்து எடுக்கப்படுவது துணி. அறுத்து எடுக்கப்படுவது அறுவை. அறுவை வாணிகன் என்ற அடையுடன் சங்கப் புலவர் ஒருவர் வாழ்ந்ததை நாம் அறிவோம். அவ்வகையில் தறியினின்று கூறுபடுத்தப்பட்டது கூறை எனக் கொள்வது பொருந்தும். மயிலாடுதுறையைச் சார்ந்த கூறைநாடு, பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கட்டம் போட்ட புடவைகளுக்குப் பெயர்பெற்ற ஊராகும்.

அகநானூற்றின் 86, 136 ஆம் பாடல்கள் திருமணத்தை விரித்துரைப்பவை. இரண்டிலும் மணமகளின் ஆடை குறிக்கப்படுகின்றது. அதனை வாங்கியவர் யார் என்பது கூறப்படவில்லை. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில்தான் ஒரு தெளிவு கிடைக்கின்றது. அங்குக் கோடி உடுத்தி மாலை சூட்டுபவள் அந்தரி. அவளைத் துர்க்கை என்றும், கண்ணனின் தங்கையாகிய நாத்தனார் முறையினள் என்றும் உரைமரபு விளக்கும். மணமகன் வீட்டார் புடவை எடுப்பதும் நாத்தனார் மணமகளை அழைத்துச் சென்று உடுத்துவதுமாகிய நம் வழக்கத்தோடு இஃது ஒத்திருப்பது கருதத்தக்கது. (கோடி என்னும் சொல் இன்று பலர் காதில் இழவு வீட்டையே நினைவூட்டுகின்றது. மணவீட்டில் அதனைச் சொல்லத் தயங்குவோரும் உளர்.)

வழக்கப்படி, கூறை மணமேடையில் தட்டில் வைத்து ஆசிபெற்ற பின்னரே மணமகள் கைக்கு வரும். அவள் உள்ளே சென்று அதனை உடுத்தி வந்த பிறகே தாலி கட்டப்படும். இங்கு ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகின்றது. புடவையோடு இணைந்து வரும் இரவிக்கைத் துணியை வெட்டி, அளவெடுத்து, தைத்து முடிக்காமல் அவள் எவ்வாறு உடுத்துவாள்? ஆகவே புடவை சில வாரங்களுக்கு முன்பே பெண்வீட்டுக்கு வந்து, தையற்கடைக்குப் போய், மணநாளில் மீண்டும் தட்டில் ஏறுகின்றது. மணமகள் அறியாத கொடையாக இருந்த கூறை அவளும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் ஆடையாக மாறியதற்கு, பெண்களின் கல்வியும் ஊதியமும் மட்டுமன்றி, இந்த இரவிக்கையும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளானின் தெங்கு கிளானா சாலை, சிங்கையின் சிராங்கூன் சாலை ஆகிய இடங்களில் கூறை எடுக்கச் செல்வோர் பெரும்பாலும் காஞ்சிப் பட்டையே கேட்கின்றனர். காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை நெசவில் உள்ளது. உடலையும் இரு கரைகளையும் வெவ்வேறு நிறத்தில் மூன்று நாடாக்கள் கொண்டு நெய்து, ஊடிழைகளை எல்லையிலேயே ஒன்றோடொன்று கோத்து இணைப்பர். புடவையின் பின்புறத்தைப் புரட்டி, கரை சேரும் இடத்தைப் பார்ப்பது நன்று. சரிகை, பட்டிழையின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதாகும். சரிகை நுனியைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிவதைப் பழகியவர்கள் அடையாளமாகக் கொள்வர். செம்புச் சரிகையும் நெகிழியிழைச் சரிகையும் மலிவானவை. அவற்றை வாங்குவது குற்றமன்று. ஆனால் வெள்ளிச் சரிகையின் விலைக்கு அவற்றை வாங்கிவிடலாகாது. தூய பட்டுக்கு இந்தியாவில் 2004இல் பட்டுமுத்திரை அறிமுகமாயிற்று. அம்முத்திரை பட்டிழைக்கு மட்டுமே சான்று. சரிகைக்கோ கைத்தறிக்கோ அன்று. கடைக்காரர் அதனைக் காட்டியதும் பலர் வேறு வினாக்களை நிறுத்திவிடுகின்றனர்.

நிறத்தைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. அரக்கும் சிவப்பும் மஞ்சளும் பெரியோர் விருப்பம்; கறுப்பை இன்றும் தவிர்க்கின்றனர். வரவேற்பு விருந்துக்குரிய உடையை வாடகைக்கு எடுப்போரும் கூறையை வாடகைக்கு எடுக்க ஒப்புவதில்லை.

உண்மையான பூசல் விலையில் எழுகின்றது. பணம் கொடுப்பவர் மணமகன் வீட்டார், உடுத்துபவள் மணமகள். அவள் விரும்பியது அவர்கள் எண்ணிய தொகையைத் தாண்டும்போது, மிகுதியைத் தாமே தருவதாகப் பெண்ணின் தாய் முன்வருவதுண்டு. அதனை அன்பாகக் கொண்ட குடும்பங்களும் உள, இழிவாகக் கொண்ட குடும்பங்களும் உள. இதனால் சில வீடுகளில், கடைக்குப் போகுமுன் மணமகனே தொகையை மணமகளிடம் சொல்லிவிடுகின்றான். அத்தொகைக்குள் அவள் மூன்று புடவைகளை ஒதுக்கிவைக்க, அவற்றுள் ஒன்றை மாமியார் எடுத்துக் கொடுக்கின்றார்.