மேல்மாடித் தரையும் கீழ்வீட்டுக் கூரையும்

ஒரு வீட்டின் தரையே மற்றொரு வீட்டின் கூரையாக அமைவது நகர வாழ்க்கையின் இயல்பு. நம் நாட்டு அடுக்குமாடிகளில் அவ்விரண்டுக்கும் இடையே கம்பி பதித்த காங்கிரீட் தளம் கிடக்கிறது. அமெரிக்காவிலோ இரண்டு மூன்று மாடிகள் கொண்ட வாடகைக் குடியிருப்புகள் பெரும்பாலும் மரத்தால் கட்டப்பட்டவை. சுமார் 16 அங்குல இடைவெளியில் மரச்சட்டங்களைக் கிடத்தி, அவற்றின் மேல் முக்கால் அங்குல ஒட்டுப்பலகையை அறைகிறார்கள். கீழ்ப்புறத்தில் ஜிப்சப் பலகையைப் பொருத்தி வண்ணம் பூசுகிறார்கள். நடுவே இருப்பது வெற்றிடம். இந்த அமைப்பைக் கேட்டவுடன் மாணவர்களுக்கு மத்தளம் நினைவுக்கு வருமாயின் அது தவறன்று.

இத்தகைய மேல்மாடி வாடகை வீடொன்றில் பழைய கம்பளத்தை அகற்றிவிட்டு வினைல் பலகை பதித்தால் என்ன நேரும் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள். மேற்படிப்பை நாடி அந்நாடு செல்லும் நம் இளைஞர் பலர் இத்தகைய வீடுகளில்தான் குடியேறுகின்றனர். மேலே வாழ்பவராகவோ கீழே வாழ்பவராகவோ இச்செய்தி அவர்களைத் தொடவே செய்யும்.

முதலில் கம்பளத்தைக் கவனிப்போம். ஜார்ஜியா மாநிலத்தில் டால்டன் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரைச் சேர்ந்த காதரின் எவன்ஸ் என்ற இளம்பெண் 1895-ஆம் ஆண்டில் தடித்த நூலைத் துணியில் கோத்து, நுனிகளை நறுக்கிக் குஞ்சமாக்கிப் படுக்கை விரிப்பு ஒன்றைச் செய்தார். 1900-இல் அத்தகைய விரிப்பொன்றை இரண்டரை டாலருக்கு விற்றார். வீட்டுத் திண்ணையில் பிறந்த அக்கைத்தொழில் பின்னர் இயந்திரங்களுக்கு ஏறியது. டால்டன் கம்பளத் தொழிலின் தலைநகராயிற்று. சுவருக்குச் சுவர் பொருந்த விரிக்கும் மலிவான கம்பளம் அமெரிக்க வீடுகளை நிறைத்தது இவ்வாறுதான்.

ஆனால் வாடகை வீட்டில் கம்பளத்தின் ஆயுள் குறைவு. குடியிருப்போர் மாறுந்தோறும் கறையும் நாற்றமும் மிஞ்சுகின்றன. நாய், பூனைகளின் சிறுநீர் கம்பளத்தைக் கடந்து அதன் அடியிலுள்ள நுரைமெத்தையில் ஊறிவிடுமானால் எந்தச் சோப்பும் அதனை மீட்காது. ஆகவே வீட்டுடைமையாளர் வினைல் பலகையை நாடுகிறார். அது பல அடுக்குகளால் ஆனது. அடிப்பகுதி சுண்ணாம்புக்கல் தூளும் வினைலும் கலந்த கெட்டிப் பாளம். அதன்மேல் மரத்தின் வரிகளை அச்சிட்ட மெல்லிய தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒளி ஊடுருவும் தேய்மானப் படலம். நல்ல பலகையில் இப்படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இருக்கும். மரம்போல் தோன்றுகிறது, நீருக்கு அஞ்சாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். உடைமையாளரின் கணக்கில் குறை ஏதுமில்லை. அவருடைய கணக்கில் ஏறாதது ஒன்று உண்டு. அது கீழ்வீட்டாரின் செவியில் ஏறுவது.

ஒலி தளத்தைக் கடக்கும் வழிகள் இரண்டு. பேச்சும் பாட்டும் காற்றின் வழியே வந்து தளத்தை அசைக்கின்றன. தளம் கனமாக இருந்தால் அவை பெரும்பாலும் அடங்கிவிடும். காலடியோசை அத்தகையதன்று. அது தளத்திலேயே பிறக்கிறது. இதனை உணர எளிய சோதனை ஒன்று உண்டு. மர மேசையின் மீது ஒரு காதை வைத்துக்கொள்ளுங்கள். மறுகோடியில் நண்பர் ஒருவர் நாணயத்தால் தட்டட்டும். பிறகு அவ்விடத்தில் மடித்த துண்டொன்றை விரித்து, அதன்மேல் தட்டச் சொல்லுங்கள். ஓசை ஏறக்குறைய மறைந்துவிடும். துண்டு ஒலியை விழுங்கிற்று என்று கூறுவது பாதி உண்மையே. மோதல் நிகழும் நேரத்தை அது நீட்டியது. நேரம் நீண்டதால் விசை தணிந்தது. வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர் தம் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் இதே விதிக்கு உட்பட்டதுதான். கம்பளமும் அதன் நுரைமெத்தையும் ஒவ்வோர் அடிக்கும் அவ்வாறே கை கொடுத்து வந்தன. அவற்றை அகற்றிக் கெட்டிப் பலகையைப் பதிக்கும்போது மத்தளத்தின் மீதிருந்த துண்டை எடுத்துவிடுகிறோம்.

இதனை அளப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. அதில் அரைக் கிலோ எடையுள்ள 5 சுத்தியல்கள் வரிசையாக நிற்கும். அவை 4 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, விநாடிக்கு 10 அடி என்ற கணக்கில் மாறி மாறித் தரையில் விழும். கீழறையில் ஒலிவாங்கியை வைத்து ஓசையை அளந்து, தளத்துக்கு ஒரு மோதொலித் தடுப்பு எண் வழங்குவார்கள். எண் உயர உயரத் தளம் சிறந்தது. அமெரிக்க மாநிலங்கள் பல தழுவியுள்ள சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பின்படி, இரு குடியிருப்புகளுக்கு இடைப்பட்ட தளத்துக்கு இந்த எண் 50-க்குக் குறையலாகாது. கட்டிய வீட்டிலேயே அளந்தால் 45 போதும்.

இவ்விடத்தில் வாங்குவோர் பலர் இடறுகின்றனர். வினைல் பலகையின் அடியில் இடும் மெல்லிய விரிப்புகளின் உறையில் 70 என்றும் அதற்கு மேலும் எண்கள் பொறித்திருக்கும். எண் பொய்யன்று. ஆனால் அது அந்த விரிப்புக்கு மட்டும் உரிய எண் அன்று. சோதனையில் அதனைத் தாங்கிய தளம் முழுவதற்கும் உரியது. 6 அங்குலக் காங்கிரீட்டும், அதன் கீழே தொங்கவிட்ட கூரையும் கூடிப் பெற்ற மதிப்பெண்ணை இரண்டு மில்லிமீட்டர் நுரைத்தாள் தனதென்று சொல்லிக்கொள்கிறது! அதே தாளை மரத்தளத்தில் விரித்தால் எண் வெகுவாகச் சரிந்துவிடும். எத்தளத்தின் மீது அளந்தது என்பதே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கம்பளத்தை அளவுக்கு மீறிப் புகழ்வதும் முறையன்று. இந்த எண் 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குக் கீழ்ப்பட்ட ஓசைகளைக் கணக்கில் கொள்வதில்லை. குழந்தைகள் ஓடும்போது மரத்தளத்தில் எழும் ‘தொம் தொம்’ என்ற ஓசையின் பெரும்பகுதி அந்தத் தாழ்ந்த எல்லையில்தான் இருக்கிறது. கம்பளம் செருப்பின் ‘டக் டக்’கை அடக்கும், ‘தொம்’மை அவ்வளவாக அடக்காது.

இது அண்டை வீட்டார் பிணக்கோடு முடிகிற செய்தியும் அன்று. காங்கிரீட் தளம் மிகுந்த ஜெர்மனியிலேயே இத்தகைய பிணக்கு, நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றம்வரை சென்றது. மேல்தளத்து உடைமையாளர் ஒருவர் 2008-இல் கம்பளத்தை எடுத்துவிட்டு ஓடு பதித்தார். கீழ்வீட்டில் அளந்தபோது காலடியோசை 67 டெசிபெல் இருந்தது. அந்நாட்டுத் தர அளவு அனுமதித்தது 53. வேறுபாடு 14 தானே என்று எண்ணிவிடலாகாது. டெசிபெல் கணக்கில் 10 கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. 14 கூடினால் ஏறத்தாழ 25 மடங்கு. அடித்தளமே குறையுடையது என்ற வாதமும் எழுந்தது. ஆயினும் தரையை மாற்றியவரே ஓசையைத் தணிக்கக் கடமைப்பட்டவர் என்று 2020-இல் தீர்ப்பாயிற்று.

அப்படியானால் மரத்தளத்தில் வினைலே கூடாதா? கூடும், ஆனால் வேலையைத் தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை சில உள. பழைய வீட்டில் கம்பளத்தை உரிக்கும்போது அடியில் 9 அங்குலச் சதுர ஓடுகள் தென்பட்டால் அவற்றைச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது. அத்தகைய பழைய ஓடுகளில் கல்நார் கலந்திருப்பது வழக்கம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. சோதித்தறிந்த பிறகே கைவைத்தல் வேண்டும். ஒட்டுப்பலகை ஆணியோடு உராய்ந்து கிறீச்சிடும் இடங்களில் திருகாணிகளை முடுக்கிச் சட்டத்தோடு இறுக்கிவிட வேண்டும். கம்பளம் அகன்ற அந்த ஒருநாள் போனால் வாய்ப்பு மீண்டும் எளிதில் வாராது. மெத்தென்ற தடித்த விரிப்பை அடியில் இட்டால் ஓசை குறையும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு செய்தால் ஒன்றோடொன்று கொளுவிய பலகைகளின் மூட்டுகள் நடக்குந்தோறும் மடங்கி முறியும். ஆகவே உற்பத்தியாளர் ஒப்பும் மெல்லிய, அடர்ந்த விரிப்பே ஏற்றது. சுவரோரத்தில் கால் அங்குல இடைவெளி விடுவது பலகை வெப்பத்தில் விரிவதற்காக. தரை சுவரைத் தொடாதிருப்பதால் ஓசை சுவர் வழியே இறங்குவதும் குறைகிறது.

இவற்றினும் பெரிய பயன் கீழ்வீட்டுக் கூரையைச் சீர்செய்வதில் உண்டு. ஜிப்சப் பலகையை மரச்சட்டத்தில் நேரே அறையாமல், ரப்பர் பொருந்திய கொக்கிகளில் இரட்டை அடுக்காகத் தொங்கவிட்டால் மத்தளத்தின் அடித்தோல் தனியே பிரிந்துவிடும். ‘தொம்’மும் ஓரளவு தணியும். ஆனால் அதற்குக் கீழ்வீட்டைக் காலிசெய்ய நேரும், செலவும் மிகுதி. எனவே நியூயார்க் நகர வாடகை ஒப்பந்தங்களில் வேறொரு வழியைக் காண்கிறோம். தரையின் 80 விழுக்காட்டைக் கம்பளத்தாலோ விரிப்பாலோ குடியிருப்பவர் மூட வேண்டும் என்ற நிபந்தனையை அவற்றுள் பல விதிக்கின்றன. இது அரசின் சட்டமன்று, ஒப்பந்தத்தின் ஷரத்தே. உடைமையாளர் உருவாக்கிய ஓசையைக் குடியிருப்பவர் செலவில் அடக்குவது நியாயந்தானா என்று கேட்க இடமுண்டு.

அடுக்கிக் கட்டிய வீடுகளில் மேலும் கீழும் ஒரே வரைபடம் இருப்பதால், படுக்கையறையின் கீழே பெரும்பாலும் படுக்கையறையே அமைகிறது. ஆதலால் சமையலறை, கூடம், வாயிலோரம் ஆகிய இடங்களில் வினைலைப் பதித்து, படுக்கையறைகளில் மட்டும் புதிய நுரைமெத்தையோடு கம்பளத்தையே விரிப்பது என் கருத்தில் தக்க ஏற்பாடு. கறை மிகுதியாக விழும் இடமும், உறக்கம் கெடும் இடமும் ஒன்றல்லவே.