கோப்புகளைக் காப்போம்!

“வெள்ளம் வருமுன் அணை போடு” என்பது நம் முன்னோர் வாக்கு. வயலுக்கும் வீட்டுக்கும் சொன்ன இந்த அறிவுரை, இன்று நம் மேசைமேல் இருக்கும் கணினிக்கும் பொருந்தும்.

நாம் எழுதும் கட்டுரை, எடுக்கும் புகைப்படம், பதிவு செய்யும் குரல் யாவும் கணினியின் வன்தட்டில் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஹார்ட் டிஸ்க் என்று நாம் சொல்வது இதைத்தான். அதனுள் காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. எழுதவும் படிக்கவும் உதவும் நுண்ணிய முனை ஒன்று தட்டின்மேல் மிதக்கிறது. இரண்டிற்கும் இடையே உள்ள இடைவெளி, தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு! சுழலும்போது அதிர்ந்தால் முனை தட்டில் உராய்ந்து, எழுதியவை அழிந்துபோகலாம். சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகையும் உண்டு. அதுவும் ஒருநாள் பழுதாகக் கூடியதே.

எங்கள் பாட்டி செபமாலை சொல்வதை அப்பா கணினியில் பதிவு செய்திருந்தார். பாட்டி இறைவனடி சேர்ந்த மறு ஆண்டு அந்தக் கணினி இயங்காமல் நின்றது. பழுது பார்த்தவர், “தட்டு போய்விட்டது, ஒன்றும் எடுக்க முடியாது” என்றார். பாட்டியின் குரலுக்கு வேறு பிரதி இல்லை. அன்று அம்மா அழுததைக் கண்டபின்தான் நான் இந்தப் பாடத்தைக் கற்றேன்.

இதற்குரிய பாதுகாப்பு, வெளியிலிருந்து இணைக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஆகும். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவி பீரோவைவிடப் பெரியது. அதிலிருந்த 50 தட்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளே அடங்கின. இன்றோ உள்ளங்கை அளவுள்ள 1 டெராபைட் தட்டு ஒரு லட்சம் கோடி பைட்டுகளைத் தாங்குகிறது.

பிரதி எடுப்பது எளிது. தட்டை யு.எஸ்.பி. வடத்தால் கணினியுடன் இணைக்க வேண்டும். அன்றைய தேதியைப் பெயராக இட்டு அதில் ஓர் உறை திறந்து, வேண்டிய கோப்புகளை ‘காப்பி’ செய்து அதில் ‘பேஸ்ட்’ செய்ய வேண்டும். முடிந்ததும் ‘எஜெக்ட்’ கட்டளை கொடுத்த பிறகே வடத்தைக் கழற்ற வேண்டும். விண்டோஸில் ‘ஃபைல் ஹிஸ்டரி’யும், மேக் கணினியில் ‘டைம் மெஷினு’ம் இவ்வேலையைத் தாமே செய்யும்.

ஆனால் தோழியரே, மூன்று தவறுகளைத் தவிர்க்க வேண்டும்.

முதலாவது, கோப்புகளை வெளித்தட்டுக்கு மாற்றிவிட்டுக் கணினியிலிருந்து அழித்துவிடுவது. இது வீடு மாறுவது போன்றது. அப்போதும் இருப்பது ஒரே பிரதிதான்.

இரண்டாவது, தட்டை எப்போதும் கணினியோடு இணைத்தே வைப்பது. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற நச்சு நிரல் பல நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இத்தகையவை இணைந்திருக்கும் வெளித்தட்டையும் விட்டுவைப்பதில்லை. இடி மின்னலும் இரண்டையும் ஒருசேரக் கெடுக்கலாம்.

மூன்றாவது, எடுத்த பிரதியைத் திறந்தே பாராமல் இருப்பது. 1998-இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ தவறாகக் கொடுத்த கட்டளையால் அதன் கோப்புகள் மளமளவென்று அழிந்தன. நிறுவனம் எடுத்து வைத்திருந்த பிரதிகளை நாடியபோது, அவையும் சரியாகப் பதிவாகவில்லை என்பது தெரிந்தது! கைக்குழந்தையைக் கவனித்தவாறே வீட்டிலிருந்து பணிசெய்ய, கேலின் சஸ்மன் என்ற பெண்மணி தம் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி வைத்திருந்தார். அதைப் போர்வையில் சுற்றிக் காரில் பத்திரமாகக் கொண்டு வந்தார்கள். பெரும்பகுதி மீண்டது, 1999-இல் படமும் வெளிவந்தது.

இதிலிருந்து அறிவதென்ன? பிரதி தனியே இருக்க வேண்டும். திறந்தும் பார்த்திருக்க வேண்டும். “மூன்று பிரதிகள், இருவகைக் கருவிகள், ஒன்று வேறோர் இடத்தில்” என்பது அறிந்தோர் கூறும் விதி. கணினியில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று, சித்தி வீட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ ஒன்று என்று நாமும் வைக்கலாம்.

மத்தேயு நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியரை நாம் அறிவோம். விளக்கு எல்லாரிடமும் இருந்தது. தனிக் குடுவையில் எண்ணெய் கொண்டு வந்தவர் ஐவர் மட்டுமே. மணமகன் வரும் நேரம் எவருக்கும் தெரியாதது போலவே, தட்டு பழுதாகும் நேரமும் நமக்குத் தெரியாது.

இப்போது நான் தாத்தாவின் குரலைப் பதிவு செய்து வருகிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை வெளித்தட்டை இணைத்து, புதியவற்றைப் பிரதி எடுத்து, ஏதேனும் ஒன்றைத் திறந்து கேட்ட பிறகே அதை அலமாரியில் வைக்கிறேன். தோழியரே, பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் இன்றே தொடங்குங்கள்!