சேலத்தைத் தேடினால் சேலை வருவதேன்?

இணையத்தளமொன்றின் தேடுபெட்டியை மாற்றியமைப்பது என்றாலே அதன் நிறமும் அகலமும் அது நிற்கும் இடமுமே பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஆனால் தமிழ்த் தளத்துக்கு இவை மேற்பூச்சு மட்டுமே, உள்ளிட்ட சொல்லைக் கணினி எவ்வாறு ஒப்பிடுகிறது என்பதில்தான் உண்மையான வேலை அடங்கியிருக்கிறது.

சேலம் என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஒருங்குறி முறையில் இப்பெயர் ச, ஏகாரக்குறி, ல, ம, புள்ளி என ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. வேற்றுமை உருபு ஏறிச் 'சேலத்தில்', 'சேலத்துக்கு' என்றாகும்போது ஈற்று மகரம் கெட்டு அத்துச் சாரியை புகுவதால், முதல் மூன்று குறிகளே பொதுவாக எஞ்சுகின்றன. எனவே குறிக்குக் குறி ஒப்பிடும் பெட்டி, இவ்வடிவங்கள் மட்டுமே உள்ள கட்டுரைகளை இல்லையென்றே சொல்லிவிடும். அம்மூன்று குறிகளைக் கொண்டே தேடச் செய்தாலோ 'சேலை'யும் உடன் வந்து சேரும். இளம்பிள்ளை என்னும் ஊரின் சேலைகளுக்குப் பெயர்பெற்ற சேலம் மாவட்டத்தில் இது சிறு குழப்பமன்று. 'திருச்செங்கோடு' உருபேற்கையில் டகரம் இரட்டித்துத் 'திருச்செங்கோட்டில்' ஆகிறது; 'ஆத்தூரில்' என்பதிலோ ஈற்றுப் புள்ளி மறைந்துவிடுகிறது.

'கொல்லிமலை'யின் சிக்கல் இன்னும் நுட்பமானது. கொ என்பதிலுள்ள ஒகரத்தை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் பதிவுசெய்ய இயலும். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டும் சமமே என்பது ஒருங்குறியின் விதியாதலால், சேமிக்கும்போதும் தேடும்போதும் அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்னும் செயல் முதலில் நிகழ வேண்டும்.

அடுத்தது, சொல்லின் விகுதிகளை நீக்கி அடிச்சொல்லைக் காணுதல். ஆங்கிலத்துக்கு இதற்கான புகழ்பெற்ற விதித்தொகுப்பை மார்ட்டின் போர்ட்டர் 1980இல் வெளியிட்டார். அவர் பின்னர் உருவாக்கிய ஸ்னோபால் என்னும் கட்டற்ற தொகுப்பில் தமிழ் விதிகளும் இடம்பெற்று, 2019இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்பிலும் சேர்ந்தன. தமிழில் தேடலை அமைப்போருக்கு இது பெரும் பேறு. எனினும் ராசிபுரமும் இராசிபுரமும் ஓரூரே என்பதைப் பொதுவிதிகளை நம்பி விட்டுவிட இயலாது. அதை நிகர்ச்சொற்பட்டியல் வழியாகவே பெட்டிக்கு உறுதியாகக் கற்பிக்க முடியும். சேலம், நாமக்கல் மாவட்ட ஊர்ப்பெயர்களின் எல்லா வடிவங்களையும் திரட்டிய அத்தகைய பட்டியலை இப்பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறையும் கணினித்துறையும் சேர்ந்து உருவாக்கி, எவரும் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்க வேண்டும்.