யாருக்குத் தெரியும்? எப்போ தெரியும்?

'ஐ.சி.சி.'ன்னா என்ன? சட்டுனு சொல்லுங்க பார்ப்போம். 'இதென்ன பாஸ் கேள்வி... கிரிக்கெட்டோட தலைமைச் செயலகம்!'னு சொல்றீங்களா? கரெக்ட்டுதான். ஆனா, உங்க காலேஜுக்குள்ளேயே இன்னொரு ஐ.சி.சி. இருக்கணும். தமிழ்ல உள் புகார் குழு. பாலியல் தொல்லை பற்றிப் புகார் வந்தா விசாரிக்க வேண்டியது அவங்கதான். அதுல யார் யார் இருக்காங்கன்னு நோட்டீஸ் போர்டுல தேடிப் பாருங்க. கிடைக்கலையா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

2021 மே மாசம், சென்னையில் தடகளப் பயிற்சி கொடுத்துவந்த நாகராஜன் மேல 19 வயது வீராங்கனை ஒருவர் புகார் கொடுத்தார். போக்சோ சட்டத்தில் வழக்கு, கைது. அதுக்கப்புறம் வேறு பல வீராங்கனைகளும் முன்வந்து புகார் சொன்னாங்க. பல வருஷத்துக்கு முந்தைய சம்பவங்கள் எல்லாம் வெளியே வந்தது. குற்றமா இல்லையான்னு சொல்றது கோர்ட்டோட வேலை. நாம கேட்க வேண்டியது வேற... இத்தனை வருஷம் ஏன் யாராலும் வாய் திறக்க முடியலை?

எல்லாமே ஒருத்தர் கையில!

உப்பிலியபுரத்துல விடியக்காலை பஸ் ஏறி, துறையூர் வழியா திருச்சிக்கு வந்து படிக்கிற ஒரு பொண்ணை நினைச்சுக்குங்க. நல்லா ஓடுவா. சீட் கிடைச்சதே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல. ஃபீஸ் சலுகை, ஓ.டி. கையெழுத்து, ஜோனல் டீம் லிஸ்ட், நாளைக்கு போலீஸ்லயோ ரயில்வேயிலயோ வேலை வாங்கித் தரப்போற சர்ட்டிஃபிகேட்... எல்லாமே ஒரே ஆள் கையில. அந்த ஆளே தப்பா நடந்துக்கிட்டா? வீட்டுல சொன்னா, 'விளையாடினது போதும், பேசாம படி'ம்பாங்க. காலேஜ்ல சொன்னா, 'வெளியே தெரிஞ்சா பேர் கெட்டுடும்மா'ம்பாங்க. பசங்க சொன்னா இன்னும் மோசம்... சிரிப்பாங்க!

சொந்தக் காசுல ஷூ வாங்கித் தர்ற பி.டி. சாருங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்க பேரைக் காப்பாத்தணும்னாலும் தப்பு செஞ்சவரை மூடி மறைக்கக் கூடாது.

முழுப் பூசணிக்காய்... சோத்துல!

மறைக்கிறதுல நம்ம நாட்டுக்கு நீளமான வரலாறே இருக்கு. 1990 ஆகஸ்ட்... ஹரியானாவில் ருச்சிகான்னு 14 வயசு டென்னிஸ் வீராங்கனை. மாநில டென்னிஸ் சங்கத் தலைவர் ரத்தோர், பெரிய போலீஸ் அதிகாரியும்கூட. அவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக ருச்சிகா புகார் செய்தார். அடுத்த மாசமே டி.ஜி.பி. விசாரித்து, வழக்குப் போடலாம்னு அறிக்கையும் கொடுத்தார். ஆனா, வழக்கு பதிவாகலை. ருச்சிகாவை ஸ்கூலை விட்டு நீக்கினாங்க. சொன்ன காரணம், ஃபீஸ் கட்டலை! 1993 டிசம்பரில் ருச்சிகா உயிரை மாய்த்துக்கொண்டார். ரத்தோர்? 1999-ல் மாநில டி.ஜி.பி. ஆகியிருந்தார்! 2009 டிசம்பரில்தான் தீர்ப்பு. ஆறு மாசம் சிறை, 1,000 ரூபாய் அபராதம். மேல்முறையீட்டில் ஒன்றரை வருஷம் ஆகி, 2016-ல் சுப்ரீம் கோர்ட் 'குற்றவாளிதான், ஆனா இருந்த நாள் போதும்'னு முடித்தது.

'அது பழைய கதை'ன்னு தள்ள முடியாது. இந்திய விளையாட்டு ஆணையத்தில் பத்து வருஷத்தில் 45 பாலியல் புகார்கள், அதில் 29 பயிற்சியாளர்கள் மேலன்னு தகவல் அறியும் உரிமைச் சட்டம் மூலமா 2020 ஜனவரியில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' வெளியிட்டது. பல கேஸ்ல என்ன தண்டனை தெரியுமா? டிரான்ஸ்ஃபர்! சம்பளத்துல கொஞ்சம் வெட்டு! அட, டிரான்ஸ்ஃபர் ஆகிப் போற ஊர்லயும் பொண்ணுங்க ஓடத்தானே செய்வாங்க?

மூணே கேள்வி

அமெரிக்காவிலும் காலேஜ்கள் மறைச்சிருக்கு. ஆனா அங்கே பதில் சொல்ல வெச்சாங்க. பென் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் கால்பந்து உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜெர்ரி சாண்டஸ்கி, சிறுவனிடம் தவறாக நடந்துகொண்டதை 2001-லேயே ஒருத்தர் பார்த்து மேலிடத்தில் சொல்லிட்டார். போலீஸுக்கு யாரும் சொல்லலை. கைது 2011-ல்! சாண்டஸ்கிக்கு 30 முதல் 60 வருஷம் சிறை. அத்தோட விடலை. யுனிவர்சிட்டிக்கு 6 கோடி டாலர் அபராதம். தலைவர் உட்பட மூணு பெரிய அதிகாரிகளும் குற்றவாளிக் கூண்டில் ஏறித் தண்டனை வாங்கினாங்க.

மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டி, டாக்டர் லாரி நாசர் மேல 2014-ல் வந்த புகாரை 'தப்பில்லை'ன்னு முடிச்சு வெச்சது. 2018-ல் பாதிக்கப்பட்டவங்களுக்காக 50 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. யுனிவர்சிட்டி தலைவரும் ராஜினாமா!

அங்கே கேட்டது மூணே கேள்விதான். யாருக்குத் தெரியும்? எப்போ தெரியும்? தெரிஞ்சதும் என்ன செஞ்சாங்க? 'செஞ்சது யாரு'ன்னு மட்டும் கேட்டா ஒருத்தர் மாட்டுவார். இந்த மூணையும் கேட்டா, அடுத்த தடவை மறைக்க நினைக்கிறவங்களுக்குக் கை நடுங்கும்.

நம்ம கையில என்ன இருக்கு?

இங்கேயும் சட்டம் இருக்கு பாஸ்... எடுத்துக் கேட்கத்தான் ஆள் இல்லை.

* 2013-ம் வருஷ சட்டப்படி ஸ்டேடியம், விளையாட்டுப் பயிற்சி மையம், போட்டி நடக்கிற இடம் எல்லாமே 'பணியிடம்'தான். உள் புகார் குழு அமைக்கலைன்னா நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

* யு.ஜி.சி. 2015-ல் போட்ட விதிப்படி, மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார்னா குழுவில் மூணு மாணவர்கள் இருக்கணும். அதுவும் தேர்தல் வெச்சு! வைஸ் சான்சலர், ரெஜிஸ்ட்ரார் மாதிரி பெரிய பதவியில் இருக்கிறவங்க குழுவில் இருக்கக் கூடாது.

* சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள் எழுத்துல புகார் கொடுக்கணும். நியாயமான காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் டைம் உண்டு. 90 நாளில் விசாரணை முடியணும்.

* ஃபர்ஸ்ட் இயர்ல 17 வயசா? சட்டப்படி நீங்க குழந்தை! பையனோ பொண்ணோ, போக்சோ பாதுகாக்கும். தன் கீழ் வேலை பார்க்கிறவர் செய்த குற்றத்தைப் போலீஸுக்குச் சொல்லாம விட்டா, நிறுவனத் தலைவருக்கே ஒரு வருஷம் வரை சிறை.

* 18 வயசுக்குள்னா 1098, பெண்களுக்கு 181. போன் பண்ணுங்க.

* அரசு காலேஜா? 10 ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. போடுங்க. 'எத்தனை புகார் வந்தது? எத்தனை முடிஞ்சது?'ன்னு கேளுங்க. பேர், ஊர் வேண்டாம், எண்ணிக்கை போதும். 'ஒண்ணுமே இல்லை'ன்னு வருஷா வருஷம் பதில் வந்தா சந்தோஷப்படாதீங்க. புகார் கொடுக்க அங்கே வழி இருக்கான்னு பாருங்க.

ஒரு விஷயம் முக்கியம். பாதிக்கப்பட்ட தோழி உங்ககிட்ட சொன்னா, 'ஏன் அப்பவே சொல்லலை?'ன்னு கேட்காதீங்க. 'நான் கூட வர்றேன்'னு சொல்லுங்க. அவங்க அனுமதி இல்லாம யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.

பிரின்சிபால் ரூம் வாசல்ல கண்ணாடி அலமாரி நிறைய கப் அடுக்கி வெச்சிருப்பாங்க. அதுல ஒண்ணு ரெண்டு குறைஞ்சாலும் காலேஜ் பேர் கெட்டுப் போகாது ஃப்ரெண்ட்ஸ். நல்லா ஓடிக்கிட்டிருந்த ஒருத்தி திடீர்னு கிரவுண்டுக்கு வர்றதை நிறுத்திட்டா, ஏன்னு யாருமே கேட்கலைன்னா... அப்பதான் கெடும்.

முதல்ல நீங்க கேளுங்க!