தாழ்நிலை வடிகட்டிகள்: செயலறு, செயலூக்க வகைகளின் ஒப்பீடு

தாழ்நிலை வடிகட்டி என்பது குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள மின் சைகைகளைக் கடத்தி, அதற்கு மேலுள்ளவற்றை மெலியச் செய்யும் மின்சுற்று ஆகும். ஆய்வகங்களிலும், சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுப் பொருள் கடைத்தெருக்களிலும் இது லோ-பாஸ் ஃபில்டர் என்றே அழைக்கப்படுகிறது. மின்தடை, மின்தேக்கி, மின்தூண்டி ஆகியவற்றால் மட்டும் அமைவது செயலறு வகை (பாசிவ்). இவற்றுடன் செயல்பாட்டுப் பெருக்கி (ஆப்-ஆம்ப்) போன்ற, தனி மின்வழங்கல் தேவைப்படும் உறுப்பு சேர்ந்தால் அது செயலூக்க வகை (ஆக்டிவ்).

அடிப்படைத் தத்துவம்

மின்தேக்கியின் மின்மறுப்பு, அதிர்வெண் கூடக்கூடக் குறையும். ஒரு மின்தடையைத் தொடராகவும், அதன் பின் ஒரு மின்தேக்கியைத் தரையிணைப்புக்கும் இணைத்தால், உயர் அதிர்வெண் சைகைகள் மின்தேக்கி வழியே தரைக்குச் சென்றுவிடும். தாழ் அதிர்வெண்கள் வெளியீட்டில் கிடைக்கும். வெளியீடு உள்ளீட்டின் 0.707 மடங்காகக் குறையும் இடமே வெட்டு அதிர்வெண். அதன் வாய்பாடு:

f = 1 / (2πRC)

R = 4.7 கிலோ ஓம், C = 10 நானோ ஃபாரட் எனில், வெட்டு அதிர்வெண் சுமார் 3,386 ஹெர்ட்ஸ். தொலைபேசிப் பேச்சின் மேல் எல்லையான 3,400 ஹெர்ட்ஸுக்கு இது நெருக்கமானது.

செயலறு வகையும் சுமையின் விளைவும்

மேற்கண்ட சுற்றின் வெளியீட்டில் 4.7 கிலோ ஓம் சுமை ஒன்றை இணைப்பதாகக் கொள்வோம். இரண்டு சம மின்தடைகள் மின்னழுத்தத்தைப் பங்கிடுவதால், தாழ் அதிர்வெண்களிலும் வெளியீடு பாதியாகிவிடும். மின்தேக்கிக்குத் தெரியும் மின்தடை 2.35 கிலோ ஓமாகக் குறைவதால், வெட்டு அதிர்வெண் இரட்டிப்பாகி சுமார் 6,770 ஹெர்ட்ஸ் ஆகிறது. தாளில் சரியாகக் கணக்கிட்ட வடிகட்டி, அடுத்த சுற்றுடன் இணைத்ததும் மாறிப்போவதற்கு இதுவே காரணம். சுமையின் மின்தடை, R-ஐப் போலப் பத்து மடங்கேனும் இருந்தால் இந்த மாற்றம் சிறிதாகும்.

மின்தூண்டியைச் சேர்த்தால் கூர்மையான வெட்டைப் பெறலாம். ஆனால் 600 ஓம் சுற்றில் 3,400 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 28 மில்லி ஹென்றி தேவைப்படும். அதிர்வெண் குறையக் குறையச் சுருளின் அளவும் எடையும் கூடும்.

செயலூக்க வகை

அதே மின்தடை, மின்தேக்கிக்குப் பின் ஒரு செயல்பாட்டுப் பெருக்கியை மின்னழுத்தப் பின்தொடரியாக வைத்தால், சுமைக்குத் தேவையான மின்னோட்டத்தைப் பெருக்கியே வழங்கும். வெட்டு அதிர்வெண் மாறாது. பின்னூட்ட மின்தடைகளைச் சேர்த்துச் சைகையைப் பெருக்கவும் செய்யலாம்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெருக்கி சேர்ந்ததாலேயே வடிகட்டல் கூர்மையாகிவிடாது. வடிகட்டியின் படியே அதைத் தீர்மானிக்கிறது. வெட்டு அதிர்வெண்ணுக்கு வெகு மேலே, அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் முதற்படிச் சுற்றின் வெளியீடு பாதியாகவும், இரண்டாம் படிச் சுற்றில் கால் பங்காகவும் குறையும்.

மின்தூண்டி இல்லாமலேயே தரமான இரண்டாம் படி வடிகட்டியை அமைக்கும் முறையை, எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தைச் சேர்ந்த சாலன், கீ ஆகியோர் 1955-இல் வெளியிட்டனர். சம மதிப்புள்ள இரு மின்தடைகளும் இரு மின்தேக்கிகளும் கொண்ட சாலன்-கீ சுற்றில் பெருக்கத்தை 1.586 என வைத்தால், சமதளமான பட்டர்வொர்த் வடிவம் கிடைக்கும்.

தொலைபேசி இணைப்பில் இரு வகைகளும்

பி.எஸ்.என்.எல். 2005-இல் தொலைபேசிக் கம்பி வழியாக அகன்ற அலைவரிசை இணையச் சேவையைத் தொடங்கியது. மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் வீடுகளிலும் தொலைபேசிக்கும் மோடத்துக்கும் கம்பியைப் பிரிக்க ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டி இணைக்கப்பட்டது. பேச்சு 4 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கீழும், இணையத் தரவு சுமார் 25 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலும் ஒரே கம்பியில் செல்கின்றன. தொலைபேசிப் பக்கம் பேச்சை மட்டும் அனுப்புவது அப்பெட்டியிலுள்ள செயலறு தாழ்நிலை வடிகட்டியே.

அங்கே செயலூக்க வகை பொருந்தாததற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, பேச்சு இரு திசையிலும் செல்ல வேண்டும். பெருக்கியோ ஒரு திசையில் மட்டுமே கடத்தும். இரண்டாவது, அதே கம்பியில் 48 வோல்ட் நேர்மின்னழுத்தமும், மணி அடிக்கச் சுமார் 75 வோல்ட் மாறுமின்னழுத்தமும் வருகின்றன. ±15 வோல்ட்டில் இயங்கும் பெருக்கி அவற்றைத் தாங்காது. மூன்றாவது காரணம் மிக முக்கியமானது. புயல் நாளில் வீட்டில் மின்சாரம் போனாலும், தொலைபேசி நிலையத்தின் மின்கலங்கள் தரும் மின்சாரத்தில் தொலைபேசி இயங்க வேண்டும். மருத்துவ ஊர்தியை அழைக்க முடிய வேண்டும். செயலறு வடிகட்டிக்குத் தனி மின்வழங்கல் வேண்டியதில்லை என்பதால் அது குறுக்கே நிற்காது. இன்றைய கண்ணாடி இழை இணைப்பில், வீட்டிலுள்ள கருவிக்கு மின்சாரம் இல்லையென்றால் அந்த இணைப்பில் இயங்கும் தொலைபேசியும் நின்றுவிடும்.

தொலைபேசி நிலையத்தில் நிலைமை வேறு. அங்கே பேச்சு நொடிக்கு 8,000 முறை மாதிரி எடுக்கப்பட்டு இலக்க வடிவாகிறது. அதற்கு முன் 4,600 ஹெர்ட்ஸ் ஒலி நீக்கப்படாவிட்டால், அது 3,400 ஹெர்ட்ஸ் ஒலியாக மாறிப் பேச்சுடன் கலந்துவிடும். பிறகு பிரிக்க இயலாது. முன்பு கணக்கிட்ட முதற்படிச் சுற்று, 4,600 ஹெர்ட்ஸ் சைகையின் வீச்சில் சுமார் 59 விழுக்காட்டைக் கடத்திவிடும். எனவே உயர்படி வடிகட்டி தேவை. மின்வழங்கல் தயாராக உள்ள அங்கே, சில்லுக்குள் அடங்கும் செயலூக்க வகையே ஏற்றது.

தேர்வு செய்யும் முறை

• மின்வழங்கல் இல்லாத இடம், உயர் மின்னழுத்தம், மிகுந்த திறன், இருதிசைக் கடத்தல்: செயலறு வகை.
• வானொலி அதிர்வெண்கள்: பெரும்பாலும் செயலறு வகை. 741 பெருக்கியின் பெருக்க-அலைப்பட்டைப் பெருக்கற்பலன் சுமார் 1 மெகா ஹெர்ட்ஸ் மட்டுமே. அந்த உயரத்தில் சுருள்களும் சிறியவை.
• கேள் அதிர்வெண்களும் அதற்குக் கீழுள்ளவையும், சிறிய அளவு, பெருக்கம், மாறும் சுமை: செயலூக்க வகை.
• மிக நுண்ணிய சைகைகள்: பெருக்கியே சேர்க்கும் இரைச்சலையும் கணக்கில் கொள்ள வேண்டும்.