தங்கச்சியோட லைவ் லொகேஷனையே பார்த்துட்டு இருக்கீங்களா ப்ரோ?

பௌர்ணமி ராத்திரி. 14 கி.மீ கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வந்தாச்சு. தங்கச்சி ஃப்ரெண்ட்ஸோட முன்னாடி நடக்கிறாள். பத்தடி தள்ளி, கூட்டத்தோடு கூட்டமா நீங்க. மாட்டிக்கிட்டா, "நானும் கிரிவலம்தான் வந்தேன்"னு சொல்வீங்க. அவள் நம்பப்போறதில்லை.

நீங்க நிக்கிற இடத்துக்கு ஒரு கதை இருக்கு. மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது இங்கேதான் என்பது நம்பிக்கை. அவருக்கு இங்கே தனிக் கோயிலே உண்டு. அந்த 20 பாடல்களில், விடியும் முன்பே பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பி, கேலி பேசி, நீராடப் போகிறார்கள். பின்னாடியே காவலுக்கு வர்ற அண்ணன் ஒருத்தரும் அதில் இல்லை!

அப்புறம் ஏன் நமக்கு மட்டும் விட மனசு வரமாட்டேங்குது? 'பயம்'னு சொல்வீங்க. பாதி உண்மை. மீதிப் பாதி, மகேந்திரன் இயக்கி 1978-ல் வெளியான 'முள்ளும் மலரும்' படத்தில் இருக்கிறது. ரஜினிக்கு விஞ்ச் ஆபரேட்டர் வேலை, பெயர் காளி. அப்பா, அம்மா இல்லாத அவனுக்குத் தங்கச்சி வள்ளிதான் உலகம். அவளைக் கல்யாணம் செய்ய விரும்புகிறார் இன்ஜினீயர் சரத்பாபு. நல்ல மனுஷன், வள்ளிக்கும் பிடித்திருக்கிறது. காளியோ முடியவே முடியாது என்கிறான். தங்கச்சியின் பாதுகாப்பா அங்கே பிரச்னை? வேலையில் தன்னைத் தண்டித்த அதிகாரியிடம் தங்கச்சியையும் தோற்றுவிடுவோமோ என்ற ரோஷம்.

கடைசியில் வள்ளி கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். தனியா நிக்கிற அண்ணனைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். அதுக்கப்புறம்தான் காளி சம்மதிக்கிறான். அதுவும், மாப்பிள்ளையை இப்பவும் பிடிக்கலைன்னு அவர்கிட்டயே சொல்லிட்டு! 'அவ மனசுல என் இடம் அப்படியே இருக்கு' என்று தெரிவதுதான் அவனுக்குத் தேவைப்பட்டது. அந்த சீன்ல நானும் அழுதிருக்கேன். ஆனா அதை நிரூபிக்க வள்ளி தன் கல்யாணத்தையே விட்டுட்டு ஓடிவர வேண்டியிருந்தது, பாருங்க.

அந்தப் பரீட்சையை உங்க தங்கச்சிக்கு வைக்காதீங்க. 18 வயசு முடிஞ்சா எங்கே வேலைக்குப் போறது, யாரைக் கட்டிக்கிறது எல்லாம் அவள் முடிவு. அப்பாவே எதிர்த்து நின்ற ஹாதியா வழக்கில், 2018-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் தேர்வைத்தான் ஏற்றது. ரோஷம் எல்லை மீறினால் எங்கே போய் நிற்கும் என்பதை ஆணவக்கொலைச் செய்திகளில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

உங்க இடம் எங்கேயும் போயிடாது. நம்ம ஊர்க் கல்யாணங்கள் பலவற்றில் பெண்ணின் கையில் பொரி போடுவது அண்ணன், தம்பிதான். நாளைக்கே அவள் குழந்தைக்குக் காது குத்தணும்னா, தாய்மாமன் மடி வேணும்.

இப்போதைக்கு லொகேஷனை மூடிட்டு, பாதையோரமா ஒரு டீ சொல்லுங்க. சுத்தி முடிச்சுட்டு, "அண்ணா, கால் வலிக்குது, பைக் எடுத்துட்டு வா"ன்னு அவளே கூப்பிடுவாள்.